மேலேறாத மாடு

பால் பொங்கமுன்னம் சொல்லிப்போடு, பொங்கினாப் பிறகு… பொங்கினாப் பிறகு என்ன? குஞ்சியப்பு சொன்னதன் பின்பாதி தவசீலனுக்கு வரவேயில்லை. கேபிள் காரை விட்டு இறங்கின நேரம் தொட்டு அதைத்தான் நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டு வருகிறான், பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டு மாதிரி. அப்பாவின் தம்பி அவர். ஊரில் யார் வீட்டுக் கலியாணப் பேச்சென்றாலும் நடுவில் சம்மணம் கொட்டி இருந்து, மாப்பிள்ளை பகுதி மென்று விழுங்குவதைக் கண்டதும் இப்படித்தான் தொடங்குவார். தொடங்கினது நினைவிருக்கிறது, குரல் நினைவிருக்கிறது, வெற்றிலை ஒரு கன்னத்துக்கு ஒதுங்குகிற சத்தம்கூட நினைவிருக்கிறது. முடிவு மட்டும் இல்லை. முன்னால் அண்ணை போகிறார். புவனேந்திரன். அறுபதுக்குக் கிட்ட வயது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, நிரம்பிய கிளாசைச் சிந்தாமல் கொண்டுபோகிறவர் போல இடது கையை உடம்போடு அணைத்துக்கொண்டு நடை. "இது மலை ஏறுறதில்லையடா சீலன், கோயில் வீதி சுத்துற மாதிரித்தான். தள்ளுவண்டியில பிள்ளையளைக் கொண்டு போகினம் பார்," என்று சொல்லித்தான் காலையில் கூட்டிவந்தார். உண்மைதான், சரளை போட்ட, ஏற்றமே தெரியாத பாதை. ஒரு பக்கம் புல்லுச் சரிவு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் கோடையிலும் பனி விடாத சுவிஸ் முகடுகள், எங்கும் மாட்டு மணிச் சத்தம். பாதை முடிகிற இடத்தில் ஒரு சீஸ் கொட்டில் இருக்கிறது. கோடைக்கு மாடுகளை மேலே ஏற்றி, அங்கேயே கறந்து, அங்கேயே சீஸ் செய்கிறார்கள். பார்த்துவிட்டு, வெளியே கிடக்கிற மர வாங்கில் கொஞ்ச நேரம் குந்திவிட்டு, பின்னேர பஸ்ஸில் இறங்கிவிடலாம். சுகமான ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குத் திங்கள். நாளைக் காலை வைத்தியசாலையில் இருந்து போன் வரும். அண்ணைக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறானா இல்லையா என்று அவன் சொல்லவேண்டும்.

பொருந்துகிறது. அதை அவனுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிற அந்தப் பெண் வைத்தியர், அண்ணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சுத்தமான புத்தக ஜெர்மனில் சொன்னார்: "எல்லாம் பொருந்துகிறது. ஆனால் இது நீங்கள் கொடுப்பது, நாங்கள் எடுப்பது அல்ல. வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். மருத்துவக் காரணங்களால் பொருத்தமில்லை என்று உங்கள் குடும்பத்துக்கு நாங்கள் அறிவிப்போம். என்ன காரணம் என்று யாரும் எங்களைக் கேட்க முடியாது." முதுகுக்குப் பின்னால் ஒரு கள்ளக்கதவு திறந்த மாதிரி இருந்தது அவனுக்கு. குளிர்காற்றுக்கூட வந்தது. அன்றிலிருந்து அந்தக் கதவு கூடவே வருகிறது, சாப்பாட்டு மேசைக்கு, குளியலறைக்கு, இதோ இந்தச் சரளைப் பாதைக்கும். இரவில் புரண்டு படுத்தால் விலாவுக்குக் கீழே கை தானாகப் போகிறது. வலதா, இடதா, எதை எடுப்பார்கள்? நாற்பத்தெட்டு வருடம் அங்கே ஒன்று இருக்கிறதென்றே தெரியாமல் இருந்துவிட்டு, இப்போது இரண்டும் மாறிமாறிச் சொறிகின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்து மனைவி நளாயினி போனில் சொன்னாள்: "உங்கட உடம்பு, உங்கட அண்ணை. நான் என்னத்தைச் சொல்ல." பிறகு வைக்கப்போகிற மாதிரி இருந்து, வைக்காமல், "அகரனுக்குப் பின்னடிக்கு ஒண்டெண்டா ஆரப்பா குடுக்கிறது?" மகனுக்கு எட்டு வயது. பரம்பரை வருத்தம் இல்லை, கவனிக்காமல் விட்ட பிரஷர் என்று வைத்தியர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தெளிவாகச் சொன்னதைப் பயம் கேட்கவா போகிறது? அது காது கேளாத மாடு, தன்பாட்டில் மேய்ந்துகொண்டு இருக்கிறது.

பாதை ஓரத்தில் மரத்தைக் குடைந்து செய்த ஒரு தொட்டி. குழாய் வாயில் இருந்து மணிக்கட்டுத் தடிப்பில் ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, மூடுவாரில்லாமல், யாருக்கும் வேண்டாதது மாதிரி. தள்ளுவண்டிக்காரர் போத்தலை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அண்ணை நின்றுவிட்டார். ஒரு நாளைக்கு அவருக்கு அளந்த தண்ணீர்தான், அதில் பாதி குளிசை விழுங்கப் போய்விடும். கூடக் குடித்தால் அது போக வழியில்லை, நெஞ்சுக்கு ஏறும், அடுத்த முறை இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் போடும்போது காலைக் குரக்குவலி பிடித்து முறுக்கும். தவசீலன் குடிக்கவேண்டும். நாக்கு ஒட்டுகிறது. குடிக்கலாமா? அவருக்கு முன்னால் குடிப்பது எப்படி, குடிக்காமல் நிற்பது எப்படி, குடிக்காமல் நின்றால் அது இன்னும் பெரிய சத்தமல்லவா. அண்ணை குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி, வாய்க்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தார். ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு அது போய்வருவது தெரிந்தது. தொண்டைக்குழியை அவன் பார்த்தான், அசையுமா அசையுமா என்று, களவு பிடிக்கிற பொலிஸ்காரன் போல. அசையவில்லை. துப்பினார். "நல்ல குளிர்," என்றார். பிறகு திரும்பி, "என்னடா என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? குடி. உனக்கென்ன கிட்னி இல்லையே," என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று தனக்கே அப்போதுதான் விளங்கினது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். தவசீலன் குடித்தான். நல்ல குளிர்தான். உள்ளே போய், இறங்கி, தன்பாட்டில் போகவேண்டிய இடத்துக்குப் போனது.

கேட்கமாட்டார். அதுதான். ஒருக்கால் வாயைத் திறந்து, சீலன், எனக்கு ஒண்டு தாவன் என்று கேட்டால் என்ன? அண்ணிதான் போனில் "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ தம்பி" என்றாள், அதற்குள் எல்லாம் இருந்தது, டிக்கெட்டும் இருந்தது. அந்த வீட்டில் எவரும் எதையும் கேட்டதில்லை, எவரும் எதையும் மறுத்ததுமில்லை. பதினைந்து வயதில் அவன் இந்த நாட்டு ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்று அண்ணை ஒரு கோட்டுடன் நின்றார், தோள் தொங்குகிற பெரிய கோட்டு. "வளருவாய்," என்றார். வளரவில்லை. நாலு குளிர்காலம் அந்தக் கோட்டுக்குள் இருந்துகொண்டு இங்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போனான். சமையல் வேலை பழகு என்று அண்ணை சொன்னார், பழகினான். படிக்க விருப்பமென்று சொல்லவில்லை. வெங்காயம் வெட்டினால் கண் வீங்குது என்று டொக்டர் துண்டு வாங்கிக்கொண்டு விலகினான். பொம்பிளை பார்த்து வைத்தார், கட்டினான், அது மட்டும் நல்லதாய் அமைந்தது. ஊருக்குத் திரும்பிப் போய் இருக்கப்போகிறேன் என்ற அந்தப் பெரிய முடிவைக்கூட அவன் சொல்லவில்லை. நளாயினியின் தாய்க்குச் சுகமில்லை, ஆறு மாதம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று விமான நிலையத்தில் கை காட்டினான். மாமி இன்றைக்கும் ஒரு நோயுமில்லாமல் கல்லுக் குத்தியாய் இருக்கிறா. அவன் வாழ்நாளெல்லாம் ஏலாது என்ற ஒரு சொல்லை அண்ணையின் முகத்துக்கு நேரே சொல்லாமல், கண் வீக்கத்துக்கும் மாமிக்கும் பின்னால் ஒளித்திருந்தே வந்திருக்கிறான். இப்போது அவன் செய்கிற தொழில் என்ன? யாழ்ப்பாணத்தில் ஒரு மாடி அறையில், கலியாணம் கட்டி ஜெர்மனிக்கும் சுவிசுக்கும் போகக் காத்திருக்கிற பெட்டைகளுக்கு ஜெர்மன் படிப்பிக்கிறது. முதல் கிழமைப் பாடம், கோப்பி குடிக்கிறீங்களா? இல்லை, நன்றி. "சேர், எப்பிடி சேர் முகத்தில அடிச்ச மாதிரி வேண்டாமெண்டு சொல்லுறது?" என்று அவர்கள் சிரிப்பார்கள். "சொல்லிப் பழகுங்கோ பிள்ளையள், ஒண்டும் நடக்காது," என்று அவன் சொல்லுவான். ஒண்டும் நடக்காது. ஆர் சொல்லுறது பார்.

கொட்டில் வாசலிலேயே புளித்த பால் மணமும் விறகுப் புகையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உள்ளே அரை இருட்டில் ஒரு செப்புக் கிடாரம், கோயில் அன்னதானத்துக்கு வைப்பது போன்றது, சுழலுகிற மரக்கையில் தொங்கிக்கொண்டு இருந்தது. அதை நெருப்புக்கு மேலே இருந்து இழுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். "புவன்! போன கோடை உன்னைக் காணேல்லையே?" என்று அந்த ஊர் ஜெர்மனில் சத்தம் போட்டாள் கிடாரத்தடியில் நின்ற மனிசி. ரெகுலா என்று பெயர், இரும்புத் தோள்கள், நரைத்த குட்டைத் தலைமுடி. அகதியாய் வந்த புதிதில் அண்ணை இங்கே ஒரு கோடை முழுக்க வேலிக் கம்பி கட்டினவர். இந்த வேலியில் பாதி என்ர என்று வழியெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். "சுகமில்லாமல் போச்சு," என்றார் அவளிடம், தடிமல் வந்ததைச் சொல்லுகிற மாதிரி. "இவன் என்ர தம்பி. முகம் எனக்கு, மூளை அவனுக்கு." "அப்ப ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிதான்," என்றாள் அவள். சும்மா பகிடிதான் அது, அவளுக்கு என்ன தெரியும். "கிட்ட வாறதெண்டா கையைக் கழுவிப்போட்டுக் கயிறுக்கு இஞ்சால வாங்கோ. என்ர மனிசன் மேல மாடு பாக்கப் போட்டார், இண்டைக்கு நான் தனிய," என்றாள் ரெகுலா. தவசீலன் கழுவி முடிந்த பிறகும் அண்ணை கழுவினார், தேவைக்கு மேல் கனநேரம், முழங்கை வரை, குழாயை மூட மனமில்லாமல். கிடாரத்துக்குள் பால் இப்போது பாலில்லை. மஞ்சள் தண்ணீருக்கு அடியில் அரிசிக் குறுணல் போல உறைந்த மணிகள் இறங்கிக்கொண்டு இருந்தன. பொங்க விடமாட்டார்களாம், கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பொங்கமுன்னம். பொங்கினாப் பிறகு… ரெகுலா ஒரு வெள்ளைத் துணியின் ஒரு விளிம்பைப் பல்லால் கடித்தாள். மறு விளிம்பை வளைகிற இரும்புப் பட்டியில் சுற்றி, கிடாரத்துக்கு மேலே கவிழ்ந்து, இரண்டு கையையும் முழங்கை தாழ விட்டு, அடியில் கிடந்த அவ்வளவையும் துணிக்குள் வழித்து எடுத்தாள். முகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாயில் துணி, கதைக்க ஏலாது. இரண்டு மூலை அவள் கையில், மற்ற இரண்டைப் பிடிக்க ஆள் வேண்டும். புருவத்தை உயர்த்தி இவர்கள் பக்கம் பார்த்தாள். அண்ணை பாய்ந்துவிட்டார். வலது கை தூணில், நீண்டது இடது கை. மெஷினில் ஊசி ஏற்றுவதற்காக இரண்டு இரத்தக் குழாயை ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிற கை, பாரம் தூக்கவே கூடாத கை, அது வெடித்தால் நிமிடக்கணக்குத்தான். தவசீலன் யோசிக்கவில்லை. அந்தக் கையை எட்டிப் பிடித்து இழுத்தான். யாரும் பிடிக்கவும் கூடாத இடம் அது. சட்டைத் துணிக்குக் கீழே கயிறு போலத் தடித்த ஒன்று, அதற்குள் ஒரு நடுக்கம், நிற்காத, சூடான, இறுமாப்பான ஒரு அதிர்வு, மடியில் இருக்கிற பூனை உள்ளுக்குள் உறுமுவது போல, இல்லை, வண்டு அடைத்த தீப்பெட்டி போல. அண்ணையின் கை இல்லை இது. வேறு ஏதோ ஒன்று உள்ளே குடியிருந்துகொண்டு இவரை ஓட்டிக்கொண்டு இருக்கிறது. விட்டுவிட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரெகுலா மூக்கால் ஏதோ சத்தம் போட்டாள். தவசீலன் பாய்ந்து மற்ற இரண்டு மூலையையும் பிடித்தான். சூடான தண்ணீர் மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. நல்ல பாரம். நனைந்த நெல்லு மூட்டை மாதிரி. தூக்கினார்கள், கொண்டுபோய் வட்ட அச்சுக்குள் இறக்கினார்கள். "நல்ல கை," என்றாள் அவள், துணியை வாயில் இருந்து எடுத்துவிட்டு. அவன் உள்ளங்கையில் அந்த அதிர்வு இன்னும் இருந்தது. கால்சட்டையில் துடைத்தான். போகவில்லை.

வெளியே வாங்கில் இருந்தபோது ரெகுலா ஒரு பலகையில் சீஸ் துண்டுகளும் பாணும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் ஒரு ஓரத்தில் குந்தினாள். தவசீலன் ஏதாவது பேசவேண்டுமென்பதற்காக, மாடுகளெல்லாம் உங்களுடையவையா என்று கேட்டான். "எங்கட கொஞ்சம்தான். மிச்சம் கீழ ஊரில இருக்கிற ஆக்களின்ர. எல்லாப் பாலும் ஒரே கிடாரத்துக்கை. ஊத்தினாப் பிறகு எது ஆரின்ர பால் எண்டு ஆராலயும் பிரிக்க ஏலாது. கோடை முடிய சீஸாத்தான் பங்கு." "அப்ப ஒருத்தருக்கு விருப்பமில்லையெண்டா?" கேட்டபிறகுதான் ஏன் கேட்டேன் என்றிருந்தது. "மாட்டைக் கீழயே வைச்சிருக்கட்டும். அதில என்ன? ஆனா மேல ஏற முன்னம் சொல்லிப்போட வேணும், அவ்வளவுதான் எங்கட வழக்கம். போன முறை ஒராள் சொல்லேல்லை. ஏறுற அண்டு காலமை போன் எடுத்து, மாடு நொண்டுதாம், காலைத் தூக்கித் தூக்கி வைக்குதாம். கீழ போய்ப் பாத்த சனம் சொல்லிச்சுது, அது தோட்டத்துக்கை துள்ளித் திரியுதாம்." அவள் சிரித்தாள். "மாடு வராததில எங்களுக்கு ஒரு கோபமுமில்லை. அது நொண்டினதிலதான் கோபம். இப்ப கடையில எங்களைக் கண்டா அந்த மனிசன் சாமான் வாங்காமலே திரும்பிப் போறான். எவ்வளவு கரைச்சல் பார், நொண்டாத மாட்டுக்கு." அண்ணை பெரிதாய்ச் சிரித்தார். தேவைக்கு மேலே பெரிதாய். தவசீலன் பாணைப் பிய்த்தான், பிய்த்துக்கொண்டே இருந்தான். தெரியுமா இவருக்கு? கள்ளக்கதவு ஒன்று இருப்பது தெரியுமா? வைத்தியர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லக்கூடாது. பிறகேன் அந்தச் சிரிப்பு. ரெகுலா எழுந்து உள்ளே போனாள். மணிச் சத்தம் நெருங்கியது, தூரப் போனது.

அண்ணை ஒரு சீஸ் துண்டை எடுத்து, மணந்து பார்த்துவிட்டு, அவனுடைய பக்கம் வைத்தார். அதுவும் அவருக்கு நஞ்சு. "தின். நான் பாக்கிறன்." தின்றான். உப்பும் கொட்டைப் பருப்புச் சுவையும். விழுங்க நேரமெடுத்தது. "உன்ர அண்ணியின்ர தம்பி இருக்கிறான் எல்லே, வரதன்," என்றார் அண்ணை, மலையைப் பார்த்துக்கொண்டு. "அவனையும் போன மாரிக்காலம் செக் பண்ணினவை. பொருத்தமில்லை எண்டு கடுதாசி வந்தது. சரி, பொருந்தாட்டி என்ன செய்யிறது. ஆனா அதுக்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வாறேல்லையடா. கிழமைக்குக் கிழமை வந்து என்னோட காட்ஸ் அடிச்ச பெடியன். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாலும் வேலையாம். பொருந்தாததுக்கு அவன் ஏன் ஒளிக்கோணும்?" தவசீலனின் காதுக்குள் இரத்தம் அடித்தது, அந்தக் கைக்குள் கேட்ட அதே சத்தமாய். "அவன்ர மாடும் நொண்டினதுதான்," என்றார் அண்ணை. பிறகு முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "உன்ர மாடும் நொண்டினால் நொண்டட்டும், சீலன். நான் மெஷினோட கன காலம் இருப்பன், என்ர பேர் லிஸ்டிலயும் கிடக்கு. ஆனா நீ வராமல் மட்டும் விடாதை. வந்து போய்க்கொண்டிரு. அவனைப் போல செய்துபோடாதை." கேட்டாரா இது? கேட்கவில்லை. கொடுக்கச் சொன்னாரா? அதுவுமில்லை. இதைவிட அவர் அடித்திருக்கலாம். ஏதாவது சொல்லவேண்டும், இப்போது, இந்த இடத்தில். வாயில் வந்தது வேறு. "அண்ணை, குஞ்சியப்பு சொல்லுவாரே, பால் பொங்கமுன்னம் சொல்லிப்போடு, பொங்கினாப் பிறகு… பிறகு என்ன?" அண்ணை அவனைத் திரும்பிப் பார்த்தார். "அவர் எங்கையடா முடிச்சவர்? அந்த இடம் வர வெத்திலை துப்ப எழும்பிப் போடுவார். திரும்பி வர, சனம் பயத்தில எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருக்கும்." இருவரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு முடிகிற இடத்தில் கண் கரித்தது. அப்படியென்றால் பின்பாதி இல்லை. இவ்வளவு நேரமும் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான்.

பஸ் வருகிற சத்தம் வளைவுக்கு அப்பால் இருந்து, அந்த மூன்று சுர ஹோர்னோடு, மலையில் மோதி மோதி வந்தது. அண்ணை யன்னல் பக்கம் இருந்தார், இடது கை கண்ணாடிப் பக்கமாக, இடிபடாமல். தவசீலன் அவருக்கு வலப்பக்கம். ஓம் என்றால் என்ன? ஓம் என்றால் ஊருக்குப் போகலாம், ஒரு தழும்போடு, அகரனைத் தூக்கும்போது ஒவ்வொரு முறையும் விலாவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மிச்சமிருக்கிற அந்த ஒன்றை எண்ணிக்கொண்டு, பிறகு ஒருநாள் அண்ணையின் முகத்தைப் பார்த்து உள்ளுக்குள் ஏதோ புளித்துக்கொண்டு. ஓம் என்பது கோட்டுப் போடுவது மாதிரி. போட்டுக்கொண்டு நாலு குளிர்காலம் இருக்கலாம். இல்லை என்றால்? இல்லையென்றால் நாளைக்கு வைத்தியருக்கு ஒரு வார்த்தை, ஒரு கடிதம், எவரும் கேட்கமாட்டார்கள், அண்ணை மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார், சீலன்ர மாடும். அவன் வந்து போய்க்கொண்டும் இருப்பான். ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நொண்டவேண்டி இருக்கும். உள்ளங்கையைத் திறந்து பார்த்தான். பால் மணத்தது. அந்த நடுக்கம் இன்னும் அங்கே இருக்கிற மாதிரி இருந்தது, அல்லது அது பஸ்ஸின் இஞ்சினாக இருக்கலாம். அண்ணை ஒரு புளிப்பு இனிப்பை உரித்து வாயில் போட்டார், தாகத்துக்கு. இன்னொன்றை உரிக்காமல் அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக் கையில் வைத்திருந்தான். கதவு சாத்தியது, பஸ் அசைந்தது, தொட்டியும் கொட்டிலும் பின்னால் போயின. முதலாவது வளைவு வர முன்னம் தவசீலன் தமையனிடம், தன் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்றும், தான் அதைக் கொடுக்கப் போவதில்லை என்றும் சொன்னான்.